உப்பில்லாத கை

இன்னாசிக்கு ஆண்டவர் அழகைக் கொடுக்கவில்லை, படிப்பைக் கொடுக்கவில்லை, பிள்ளையையும் கொடுக்கவில்லை. உப்பில்லாத ஒரு ஜோடிக் கையைக் கொடுத்தார். இதெல்லாம் ஒரு வரமா என்று கேட்பவர்கள் பினாங்கில் ஒரு மழைக்காலம் இரும்போடு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர். காற்றிலேயே உப்பு. மனுஷன் வேர்வையில் அதைவிட உப்பு. மெருகேற்றி வைத்த எஃகைச் சிலர் வெறுங்கையால் தொட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் அவர்கள் விரல் ரேகை செம்பழுப்பாக அதில் பூத்திருக்கும். இன்னாசி நாள் முழுக்கத் தடவிக் கொடுத்தாலும் எஃகு எஃகாகவே இருக்கும். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நுணுக்க வேலைக்கெல்லாம் அவனை லேத்தில் நிறுத்தியது அந்தக் கையால்தான். அவன் கெட்டதும் கையால் என்று சொல்ல முடியாது. கெட்டது வாயால்.

ஆர்கைல் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் அண்ணன் வீட்டின் பின்னறையில் அவனும் மனைவி அமலம்மாளும் குடியிருந்தார்கள். காலையில் பெர்ரிப் படகு ஏறிப் பிறைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் அவன் திரும்புவான். நடுவில் கிடக்கும் பகல் முழுவதும் அமலம்மாளுக்கும் அண்ணன் பெண்டாட்டி அன்னமேரிக்கும் உரியது. அன்னமேரி அடிக்கிறவள் இல்லை, ஏசுகிறவளும் இல்லை. தன் கைக்குழந்தையை அமலம்மாள் தூக்கினால் போதும், உடனே வந்து வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொண்டு போய் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் வெடிக்கும் சத்தம் பின்னறைக்குக் கேட்கும். அமலம்மாள் அதைப் பற்றிப் புருஷனிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "எலி வளையா இருந்தாலும் தனி வளை வேணுங்க," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போய், பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்தியும் வீட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு, ஒரு போத்தலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வருவாள். பிள்ளைக்கான மெழுகுவர்த்தியை ஒரு வருஷம் அவளாகவே நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வழி பிறந்தது பட்டறையின் பெரிய எஞ்சினியர் மெக்ரே துரை ரூபத்தில். துரைக்குக் குடி இல்லை, சூது இல்லை. குறி சுடுகிற பைத்தியம் இருந்தது. பினாங்குத் துரைமார் ஆயர் ஈத்தாம் பக்கத்து ரேஞ்சு மைதானத்தில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துச் சுடுவார்கள். வருஷப் பிறப்புக்குத் தைப்பிங் துரைமாரோடு பந்தயம். ஒவ்வொரு வருஷமும் தோற்றவர்கள் காற்றைச் சொல்வார்கள், கண்ணைச் சொல்வார்கள், முந்தின நாள் விருந்தைச் சொல்வார்கள். இந்தச் சால்ஜாப்பெல்லாம் வேண்டாம் என்று மெக்ரே ஒரு புதுப் பந்தயம் கட்டினார். தரையில் சிமெண்டு வைத்து ஊன்றிய ஒரு மேசை. மேசைமேல் மணல் மூட்டை. மூட்டைமேல் துப்பாக்கி. சுடுகிறவன் பின்னால் உட்கார்ந்து விசையை மட்டும் தொட வேண்டும். ஆளின் கை நடுக்கத்தைக் கழித்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் நிறுத்துப் பார்க்கிற போட்டி. அறுநூறு கஜத்தில் பத்துக் குண்டு; யாருடைய குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ அவர் துப்பாக்கிக்கு ஜெயம். கடையில் வாங்கினது செல்லாது, அவரவர் சொந்தமாகக் கட்டியதாக இருக்க வேண்டும்.

சொந்தமாக என்றால் துரைமார் பாஷையில் வேறொருவன் கையால் என்று அர்த்தம். ஆனாலும் மெக்ரேயைக் குறை சொல்லக் கூடாது; வேலை தெரிந்தவர். சீமையிலிருந்து பூரிக்கட்டை கனத்துக்கு ஒரு துப்பாக்கிக் குழலை வரவழைத்தார். தோட்டா உட்காரும் அறை எப்படி இருக்க வேண்டும், அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு எந்த இடத்தில் முட்ட வேண்டும், எல்லாவற்றையும் தானே வரைந்தார். இன்னாசியைக் கூப்பிட்டு, இதைக் கடைந்து கொடு, தைப்பிங்காரனை ஜெயித்தால் ரேஞ்சில் துப்பாக்கி பார்க்கிற வேலையும் ரேஞ்சு ஓரத்து வீடும் உனக்கு என்றார். பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். ரேஞ்சை நடத்தும் கிளப்புக்குச் செயலாளர் அவர்தான் என்பதால் அவர் சொன்னால் சொன்னதுதான். இன்னாசி அன்று பெர்ரியில் உட்காராமல் நின்றுகொண்டே வீடு வந்தான்.

இன்னாசிக்குக் கையாள் பிச்சைமுத்து. பிறை ரயில்வே கூலி லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இன்னாசியைவிட இளையவன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இரும்பின்மேல் அவனுக்கிருந்த ஆசை இன்னாசிக்குக்கூட இருந்ததில்லை. ஆனால் விதி விளையாடியதைப் பாருங்கள்: பட்டறையிலேயே உப்புக் கை அவனுடையதுதான். அவன் தொட்ட ஸ்பேனரில் மறுநாள் அவன் கையின் அச்சு இருக்கும். பிச்சைமுத்து தொட்டால் பித்தளையும் அழும் என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். துப்பாக்கி வேலை ஆரம்பித்த நாளே இன்னாசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், சாக்குத்துணி சுற்றாமல் குழலைத் தொடக் கூடாது என்று. தொட்டில் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டுதான் அவன் அதைத் தூக்குவான்.

மாதக் கணக்கில் வேலை நடந்தது. பட்டறை வேலை முடிந்த பிறகுதான் இந்த வேலை. குழலின் அடியில் மரை வெட்டிப் பூட்டில் திருகினார்கள். ஒளி புகாமல் இரண்டின் முகமும் பொருந்தும்வரை இன்னாசி மயிரிழை மயிரிழையாகச் சீவினான். பிறகு குழலைத் தாங்கும் மரக் கட்டை. இந்த ஊர் மழையில் சீமை மரம் ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும் என்பதால், பழைய கப்பல் ஒன்றின் உள்கட்டிலிருந்து எடுத்த, நீரும் வெயிலும் பார்த்து அலுத்துப்போன தேக்கைத் துரையே தேடிப் பிடித்தார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்டு. மறுபடி தடவு, மறுபடி அழுத்து. கடைசியில் மரம் முழுக்க ஒரே சீராகக் கரி படிந்தபோது பிச்சைமுத்து, இனிமேல் இதுவும் அதுவும் ஒரே வயிற்றில் பிறந்தது என்றான். இன்னாசி சிரித்தான். அவன் அதிகம் சிரிக்கிறவன் இல்லை.

மணல் மூட்டையைத் தைத்தது அமலம்மாள். தஞ்சோங் பூங்கா கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலில் உப்பு இருக்கும், உப்பிருந்தால் ஈரத்தை இழுக்கும், ஈரம் துப்பாக்கிக்கு எமன் என்று இன்னாசி சொல்லியிருந்தான். அவள் குழாயடியில் உட்கார்ந்து அரிசி களைவதுபோல் அந்த மணலைக் களைந்தாள். களைந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொட்டினாள். மணலைக் கழுவுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் அன்னமேரி. அமலம்மாள் மனசில் அப்போதே ரம்புத்தான் மரத்தடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ரேஞ்சில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். அறுநூறு கஜத்தில் பத்துக் குண்டும் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கு அதுதான் ஆனந்தக் கூத்து. அந்தக் காலத்துத் தோட்டா மருந்து சுட்டபின் குழலுக்குள் உப்பாகப் படியும், எண்ணெய்க்குக் கரையாது. இன்னாசி கெண்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், காய விட்டான், துடைத்தான், எண்ணெய் போட்டான். பூச்சி புழு போகாமல் குழல் வாயில் ஒரு சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்தான். கட்டைக்குக் கடைசி எண்ணெய்ப் பூச்சு பாக்கி. பட்டறைத் தூசியில் அது ஆகாது; போலீசுக்குக் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோ, திங்கட்கிழமை பட்டறைக்குக் கொண்டுவா என்று துரை அனுப்பினார். இப்படி ஒரு நம்பிக்கையைத் துரை எந்தத் தமிழன்மேலும் வைத்ததில்லை என்று இன்னாசி அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அமலம்மாள் முதல் பூசைக்குப் போய்வந்தாள். இன்னாசி இரண்டாம் பூசைக்குச் சவேரியார் கோயிலுக்குப் போனான். திரும்பி வந்து பகல் முழுக்க உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கட்டைக்கு எண்ணெய் ஏற்றினான். குழல் பக்கம் அவனுக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை பிறையில் கொண்டுபோய், துணி சுற்றிய பிச்சைமுத்து கையில் கொடுத்து, கருவி அறை அலமாரியில் வைக்கச் சொன்னான். துரை ஈப்போ போயிருந்தார்.

வியாழக்கிழமை துரை வந்தார். அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, குழல் வாய்த் துணியை உருவினார். துணி செம்பழுப்பாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். பிறகு இன்னாசியிடம் நீட்டினார். உள்ளே வழுவழுவென்று வெள்ளி மாதிரி ஓடி வந்த எஃகு, துணி இருந்த இடத்தில் மட்டும் சொறி பிடித்த தோலாக இருந்தது. குண்டு வெளியே போகும் கடைசி இடம் அது. அங்கே ஒரு பொடிப் பள்ளம் இருந்தாலும் குண்டு கோணும்.

"சியாப்பா பெகாங்?" என்று துரை மலாயில் கேட்டார், யார் தொட்டது என்று. சத்தம் போடவில்லை. சத்தம் போடாத துரை சத்தம் போடுகிற துரையைவிட மோசம்.

இன்னாசிக்கு ரம்புத்தான் மரம் போயிற்று. தகரக் கூரை போயிற்று. அன்னமேரி அடுப்பில் மிளகாய் வெடிக்கும் சத்தம் மட்டும் ஆயுசுக்கும் மிச்சம். அவன் வாயைத் திறக்குமுன் பிச்சைமுத்து முன்னால் வந்தான். ஒளிக்கத் தெரியாதவன், யாரும் கேட்காமலே வந்து நின்றான். திங்கட்கிழமை தான்தான் துணியை எடுத்துவிட்டு ஒரு தரம் உள்ளே பார்த்ததாகச் சொன்னான். குழலை விளக்குப் பக்கம் நீட்டிப் பார்த்தால் உள்ளே ஒளி வளையம் வளையமாக நிற்கும். அதைப் பார்க்கத்தான் எடுத்தான்.

"அப்பவே துணி ஈரமாத்தான் இருந்துச்சு, அண்ணே," என்றான். "எண்ணெய் ஈரம்னு நெனச்சு அப்படியே திரும்ப வெச்சுட்டேன்."

இன்னாசி தானே காயவைத்து அடைத்த துணி அது. ஈரம் எப்படி வரும்? ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அந்தக் கேள்வி அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும். யோசிக்க அவனுக்கு மனசில்லை. கேள்வி போகிற வழியில் அவன் வீடு இருந்தது, பதில் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அவன் கை உப்புக் கை, துவான்," என்றான் இன்னாசி. "துணிய அவந்தான் தொட்டிருக்கான்."

பட்டறை முழுவதும் அது தெரிந்த சங்கதி. சாட்சி வேண்டியதில்லை. பிச்சைமுத்து தன் கையைத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும், துணி முன்னமே ஈரம் என்றான், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. துரை அவனை அன்று மத்தியானமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். சொன்ன சொல் கேளாமல் தொட்டவன் என்று மற்றத் துரைமாரிடமும் சொல்லி வைத்தார், பிறையிலும் பினாங்கிலும் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்காதபடிக்கு. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான். பாவம் எது என்பது அப்போது இன்னாசிக்கும் தெரியாது. அந்த மட்டுக்கும் அவனை விட்டுவிடலாம்.

துரை சோர்ந்து உட்காருகிறவர் இல்லை. துரு பிடித்த வாயை இரண்டு அங்குலம் வெட்டி எறி, புது வாய் கடை என்றார். இன்னாசி ஒரு பகல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்தான். குட்டையான குழல் இன்னும் விறைப்பாகிவிட்டதோ என்னவோ, வருஷப் பிறப்பன்று அறுநூறு கஜத்தில் பத்துக் குண்டும் ஒரு சாஸருக்குள் விழுந்தன. தைப்பிங் துரை தன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மெக்ரேயின் கையைக் குலுக்கினார். மெக்ரே திரும்பி எல்லாத் துரைமாருக்கும் முன்னால் இன்னாசியின் கையைக் குலுக்கினார். உப்பில்லாத கை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னாசி வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரன் அவன் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

வீடு வந்தது. அண்ணன் வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று அன்னமேரி அழுதாள், நிஜமாகவே அழுதாள், அதை என்னவென்று சொல்வது. அமலம்மாள் ஆயர் ஈத்தாம் டிராமில் பானையையும் பாத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வந்த வாரத்தில் ஒரு காலை, வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தரச் சொன்னாள். எதற்கு என்றான். தீர்த்தப் போத்தலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

"இந்த வீட்டக் குடுத்தது அன்னம்மாள் தாயார்," என்றாள். "நீங்க ரெண்டாம் பூசைக்குப் போயிருந்தீங்கல்ல, அன்னிக்கு அந்தத் துப்பாக்கி வாயில இருந்த துணிய எடுத்து, தீர்த்தத்துல நல்லா நனச்சு, சிலுவ போட்டுத் திரும்ப வெச்சேன். ஒங்ககிட்ட சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல. பாத்தீங்களா, ஒரு குண்டு தப்பல."

திருநாளன்று சாமியார் உப்பை மந்திரித்துத் தண்ணீரில் போட்டுக் கலந்துதான் தீர்த்தம் செய்வார். ஞானஸ்நானம் வாங்கின ஒவ்வொரு பிள்ளையும் பார்த்த காட்சி அது. மணலில் ஒரு பொட்டு உப்பு இருக்கக் கூடாது என்று நாக்கில் வைத்துப் பார்த்த அதே அமலம்மாள்தான் அந்தத் தண்ணீரைத் துணியில் ஊற்றினாள். அவளைக் கேட்டால் உப்பு வேறு, தீர்த்தம் வேறு என்பாள். அவள் சொல்வதில் தவறும் இல்லை. இரும்புக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னாசி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் அடுப்பு மூட்டினாள், ஏதோ கோயில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி அவன் கேட்டதில்லை.

மறுநாளே துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தான். துப்பாக்கியைப் பெண்பிள்ளை கையில் விட்டாயா என்று துரை கேட்பார், வீடு போகும், அமலம்மாள் மறுபடி ஆர்கைல் ரோட்டுக்கு டிராம் ஏறுவாள். தன் தீர்த்தம்தான் வீட்டைக் கெடுத்தது என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்? இப்படி அவளைச் சாக்காக வைத்துக்கொண்டான். அந்தச் சாக்கில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் அவனுக்குக் கேடு. முழுப்பொய் என்றால் என்றைக்காவது தூக்கி எறிந்திருப்பான். திங்கட்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன, பிறகு துரையும் வேலை முடிந்து சீமைக்குப் போனார். துப்பாக்கியும் அவரோடு போயிற்று.

பாவசங்கீர்த்தனத்துக்கு அவன் போகாமலில்லை. பொய் சொன்னேன் சாமி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லுவான். சாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு வருவான். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் எல்லோரும் விரலை நனைத்துச் சிலுவை போடும்போது அவன் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நுழைவான். அமலம்மாள் ஒரு தடவை ஏன் என்று கேட்டாள். விரலில் புண் என்றான். அது எப்போதுமே ஆறாத புண்ணாக இருந்ததை அவள் கவனித்தாளோ இல்லையோ, மறுபடி கேட்கவில்லை.

பிச்சைமுத்துவைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். புக்கிட் மெர்தாஜாமில் வண்டி தள்ளுகிறான். அப்புறம் கோல மூடா பக்கம் கருவாட்டுக் கொட்டகையில் மீனுக்கு உப்புப் போடுகிறான். உப்புக் கைக்கு உப்பு வேலையே கிடைத்தது என்று பட்டறையில் யாரோ சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. இன்னாசி அந்தப் பக்கம் போகவே இல்லை. அன்னம்மாள் திருநாளுக்குக்கூட அமலம்மாளைத் தனியே அனுப்பினான், வழியில் எங்கேயாவது பார்த்துவிடுவோமோ என்று.

அப்புறம் முப்பதாம் வருஷத்து மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, வேலையில்லாத தமிழர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்கள். பலருக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்படி ஒரு நாள் மத்தியானம், ரேஞ்சு ஓரத்து வீட்டு வேலிக் கதவைத் திறந்துகொண்டு பிச்சைமுத்து வந்தான்.

இன்னாசி முதலில் அவனை அடையாளம் காணவில்லை. ஆள் பாதியாகியிருந்தான். கை மட்டும் உப்புத் தின்று வெடிப்பு வெடிப்பாக இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நாளன்றைக்குக் கப்பல், பெண்டாட்டி நல்லம்மாளும் பிள்ளைகளும் துறைமுகத்தில் இருக்கிறார்கள், போகுமுன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். தெரிந்துதான் வந்திருக்கிறான், கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று இன்னாசி நினைத்தான். கேட்டுவிட்டால் தேவலை என்றும் ஒரு பக்கம் நினைத்தான்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன், அண்ணே," என்றான் பிச்சைமுத்து. "அன்னிக்குத் துணி ஈரமா இருந்துச்சுன்னு சொன்னேன். யோசிச்சுப் பாத்தா எங்கை ஈரமாத்தான் இருந்திருக்கும். நீங்க அத்தன தடவ சொல்லியும் தொட்டேன். அவ்வளவு பாடுபட்டுக் கட்டினத எங்கையால கெடுத்தேன். அப்பறம் நா இரும்பத் தொடல, அண்ணே."

இதோ வாசல் திறந்தே கிடந்தது. ஒரு வார்த்தை போதும். இல்லை தம்பி, நீ இல்லை என்று ஒரு வார்த்தை. துரை போய்விட்டார், வீட்டைப் பிடுங்க ஆளில்லை. உள்ளே அமலம்மாள் காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. இன்னாசியின் நாக்கு எழுந்தது, ஆனால் இத்தனை வருஷம் எந்தப் பக்கம் திரும்பிப் பழகியதோ அந்தப் பக்கமே திரும்பியது.

"போனது போச்சு லா," என்றான். "நா அத மனசுல வெச்சுக்கல."

பிச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அமலம்மாள் காப்பியோடு வந்தாள். புருஷனோடு வேலை செய்தவர், கடல் தாண்டிப் போகிறவர் என்று கேட்டதும் மனசு இளகியது. சாமி வேறாக இருந்தால் என்ன, வழிக்குத் துணை என்று நிலையில் தொங்கிய போத்தலை எடுத்து அவன் தலையில் தீர்த்தம் தெளித்தாள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். இது லேசுப்பட்ட தீர்த்தம் இல்லை என்று ஆரம்பித்தாள் அவள். இன்னாசி இடைமறித்தான், டிராமுக்கு நேரமாகிறது என்றான். அவள் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்லும் கதை அது, சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. பூசைக்குப் போனது, துணியை எடுத்தது, நனைத்தது, சிலுவை போட்டது, ஒரு குண்டு தப்பாதது எல்லாம் சொன்னாள்.

பிச்சைமுத்து காப்பியைக் குடித்து முடித்தான். கிண்ணத்தைப் பத்திரமாகக் கீழே வைத்தான். "நல்ல தீர்த்தம், அண்ணி," என்றான்.

வேலிக் கதவுவரை இன்னாசி கூடப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று பிச்சைமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும், அண்ணே?"

பொய் சொல்ல இன்னாசியிடம் எதுவும் மிச்சமில்லை. "இந்த வீட்டுக்கு வந்த வாரம்."

பிச்சைமுத்து தலையை ஆட்டினான். வெடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், இரும்பைத் தொடுமுன் துடைக்கிற பழைய பழக்கம் மாதிரி. "அண்ணிகிட்ட சொல்லாதீங்க," என்றான். "அவங்க தாங்க மாட்டாங்க." சொல்லிவிட்டு நடந்தான். டிராம் நிறுத்தம்வரை நேர் ரோடு. இன்னாசி பார்த்துக்கொண்டே நின்றான், அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தபோது அமலம்மாள் போத்தலை மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் என்ன சொன்னான் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான் இன்னாசி. பிச்சைமுத்து மன்னிப்புக் கேட்டதும் இவன் பதில் சொன்னதும் காப்பி கலக்கும்போதே அவள் காதில் விழுந்திருந்தது. என்ன தப்பு, எதற்கு மன்னிப்பு என்பது சரியாக விழவில்லை, அவள் கேட்கவும் இல்லை. புருஷன் பெரிய மனசைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேள, நீங்க மன்னிச்சு அனுப்புனீங்க," என்றாள். "இல்லாட்டி பாவம், அந்தப் பாரத்தோட கப்பல் ஏறியிருப்பாரு."